எச்சில் வற்றினால்: பல் வைத்தியரின் பதில்கள்

அம்மாவுக்கு 62 வயது. சலரோகத்துக்கும் பிரஷருக்கும் குளிசை எடுக்கிறா. இரவில் நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது என்கிறா. வயது போனால் இப்படித்தானா? (களுவாஞ்சிகுடி)

வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். இரத்தத்தில் சீனி கூடினாலும் வாய் வறளும். சில பிரஷர் குளிசைகளும் உமிழ்நீரைக் குறைக்கும். ஒரு நாளைக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை சுரப்பது வழக்கம். நித்திரையில் எல்லோருக்குமே குறையும், அதனால்தான் அம்மாவுக்கு இரவில் கூடுதலாகத் தெரிகிறது.

இப்படியானவர்களின் வாய்க்குள் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை வைத்தால் கன்னத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். மெல்ல விலக்கித்தான் எடுக்க வேண்டும். அப்படி ஒட்டினால் உடனே முரசோரத்தைத்தான் பார்ப்பேன். சாப்பிட்ட பிறகு உண்டாகும் அமிலத்தைத் தணிப்பதும், பல் இழந்த கல்சியத்தைத் திருப்பிக் கொடுப்பதும் எச்சில்தான். அது இல்லாத வாயில் முரசோரத்தில் சூத்தை விறுவிறுவென்று இறங்கும். எத்தனையோ நல்ல பற்கள் இப்படிப் போவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்; அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தர வழி இருக்கும். சீனித் தேத்தண்ணியால் அடிக்கடி வாயை நனைக்காமல், வெறும் தண்ணீரை மிடறு மிடறாகக் குடிக்கட்டும். புளோரைட் உள்ள பற்பசையால் தினமும் இரண்டு தரம் பல் துலக்க வேண்டும்.

வெத்திலை போட்டால் வாய் நன்றாக ஊறுதே, நல்லதுதானே? (அக்கரைப்பற்று)

ஊறுவது உண்மை. ஆனால் புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டு அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. எச்சில் ஊற வேண்டுமென்றால் சீனி இல்லாத சுவிங்கம் போதும். உறைப்புப் பட்டால் வாய் எரிகிறதா? மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் வைக்க முடியவில்லையா? வெத்திலைக்காரர் யாராக இருந்தாலும் அந்த வாரமே வந்து காட்டுங்கள்.

சாப்பிட உட்கார்ந்தால் தாடைக்குக் கீழே வீங்குகிறது, பிறகு வற்றிவிடுகிறது. (காத்தான்குடி)

எச்சில் வரும் குழாயில் கல் அடைத்திருக்கலாம். புளி மாங்காயை நினைத்தாலே வலிக்கிறதென்றால் சந்தேகம் இன்னும் கூடும். காய்ச்சலோ சீழோ வந்தால் அன்றைக்கே போங்கள்.

காயத்தில் எச்சில் தடவலாமா? (வாழைச்சேனை)

வேண்டாம். கிருமியை அழிக்கும் பொருட்கள் அதில் இருக்கின்றன, சரி. ஆனால் வாயில் வாழும் கிருமிகளும் கூடவே போய்ச் சேரும். ஓடும் தண்ணீரில் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கள்.