சீரியல் எப்போது முடியும் என்று கணக்குப் போடும் பெண்ணை எங்கே சேர்ப்பது?

கோவில்பட்டியிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூவில் கணிதம், கணினி அறிவியல் படித்து முடித்திருக்கிறாள். படிக்க வேண்டிய நேரத்தில் ஒரு நீள நோட்டில் சீரியல் பெயர், நேரம், டிஆர்பி எல்லாம் எழுதி, புதிதாக வந்ததில் எது நிற்கும், எதை நிறுத்துவார்கள் என்று ஊகிக்கிறாளாம். நோட்டைப் பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டார். "ஏஐ படித்தால்தான் எதிர்காலம்" என்று சித்தப்பா சொல்ல, தனியார் கல்லூரி ஒன்றில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பேசியாகிவிட்டது. 12 லட்சம் கடன். "இந்த டிவிப் பைத்தியம் தெளியுமா?" என்று கேட்கிறார்.

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் மகள் செய்வது பைத்தியம் இல்லை, புள்ளியியல். அந்த இடத்தை விட்டுவிடுங்கள். 12 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 10 ஆண்டுத் தவணையாகக் கட்டினால் மாதம் சுமார் 16,500 ரூபாய். கட்டி முடிக்கும்போது 20 லட்சத்தை நெருங்கியிருப்பீர்கள். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. அவள் கேட்காத படிப்புக்காக இந்தக் கடனை வாங்கக் கூடாது. தவணை கட்டப்போவது நீங்களும் அவளும், சித்தப்பா அல்ல.

"டிவி பிடிக்கிறதே, விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) சேருங்கள்" என்றும் யாராவது சொல்வார்கள். அதுவும் வேண்டாம். அவள் படம் பிடிக்க ஆசைப்படவில்லை, எண்ணிப் பார்க்க ஆசைப்படுகிறாள். பொறியியல் கலந்தாய்வு பற்றி உங்களுக்கு ஊரே சொல்லும். யாரும் சொல்லாத பி.எஸ்சி. புள்ளியியல் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் அவள் நோட்டில் இருப்பது என்ன என்று பார்ப்போம். இந்தியாவில் டிவி பார்வையாளர்களை அளப்பது மும்பையில் உள்ள பார்க் (BARC) அமைப்பு. 2015 முதல் எண்களை வெளியிடுகிறது. நாடு முழுக்க 50,000-க்கு மேற்பட்ட வீடுகளில் மீட்டர் இருக்கிறது. சேனலின் ஒலியில் காதுக்குக் கேட்காத குறியீடு ஒன்று கலந்திருக்கும்; மீட்டர் அதைப் பிடித்து எந்தச் சேனல் என்று அறியும். வீட்டில் யார் பார்க்கிறார் என்பதற்கு ஆளுக்கொரு பட்டன். வியாழக்கிழமை தோறும் வாரக் கணக்கு வரும்.

அதில் வரும் எண், பார்த்தவர்களின் தலைக்கணக்கு அல்ல, நிமிடச் சராசரி. அரை மணி நேர சீரியலை 60 லட்சம் பேர் தொட்டு, ஆளுக்குச் சராசரியாக 15 நிமிடம் பார்த்தால் கணக்கில் ஏறுவது 30 லட்சம். புது சீரியல்கள் ஏமாற்றுவது இங்கேதான். ப்ரோமோவைப் பார்த்து முதல் வாரம் கூட்டம் வரும். அது சேனலின் பலம். மூன்றாவது, நான்காவது வாரத்தில் எத்தனை பேர் எத்தனை நிமிடம் உட்கார்ந்தார்கள் என்பதே சீரியலின் பலம். எண் குறைவு என்பதற்காக மட்டும் எதையும் நிறுத்திவிடுவதும் இல்லை. அதே ஸ்லாட்டில் (ஒளிபரப்பு நேரத்தில்) முன்பு ஓடியது எவ்வளவு எடுத்தது, அன்றாடம் இதற்குச் சற்று முன் ஓடும் சீரியல் எவ்வளவு கூட்டத்தை ஒப்படைக்கிறது, எபிசோடுக்கு என்ன செலவு, நஷ்டம் யார் தலையில் என்பதெல்லாம் பார்ப்பார்கள். தயாரிப்பாளரே நேரத்தை வாங்கி விளம்பரம் விற்கும் முறை சன் டிவியில் நெடுங்காலம் இருந்தது. அங்கே நிறுத்தும் கணக்கு, சேனலே பணம் போட்டு எடுக்கும் சீரியலின் கணக்கு அல்ல. நேரம் சொல்லாமல் "விரைவில்" என்று புது ப்ரோமோ வந்தால் ஏதோ ஒரு சீரியல் இடம் காலி செய்ய வேண்டும். இரவு 9 மணியிலிருந்து 10.30-க்கோ மதியத்துக்கோ தள்ளப்பட்டதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அவள் செய்யக்கூடிய தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். பொதுவெளியில் பார்க் தருவது முதல் சில இடங்களை மட்டும். முடியப்போகும் சீரியல்கள் அந்தப் பட்டியலிலேயே இருக்காது. மற்றவற்றுக்கு என்று இணையத்தில் உலவும் எண்களை நம்பக் கூடாது. 5.2 அடுத்த வாரம் 4.8 ஆனால் வீழ்ச்சி என்று எழுதுவதும் தவறு. 1,000 பேர் கொண்ட மாதிரியில் 5 சதவீதம் என்று வந்தால், உண்மை அளவு 1.35 புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம். ஐபிஎல், தீபாவளிச் சிறப்புப் படம் வந்த வாரங்களைத் தனியாகக் குறிக்க வேண்டும். முடிந்துபோன சீரியல்களை மட்டும் வைத்துச் சராசரி ஆயுள் எடுத்தால், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் நீண்ட சீரியல்கள் விடுபட்டு ஆயுள் குறைவாகத் தெரியும். இதைச் சரிசெய்யத்தான் 1958-ல் கப்லான், மெயர் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் ஒரு முறை தந்தார்கள். புற்றுநோயாளிகள் எத்தனை மாதம் வாழ்கிறார்கள், காப்பீட்டுப் பாலிசி எப்போது காலாவதியாகிறது என்பதற்கும் அதே கணக்குதான். அதனால்தான் டிவியில் வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் பயப்பட வேண்டாம் என்கிறேன். மருந்துப் பரிசோதனை நிறுவனங்கள், காப்பீடு, வங்கி எல்லாம் இதே கையைத் தேடுகின்றன. யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வும் இருக்கிறது.

டிவி பக்கம் போனால் பார்க், சேனல்களின் ரிசர்ச் பிரிவு, விளம்பர நேரம் வாங்கும் ஏஜென்சிகள், நிகழ்ச்சி வெளிவரும் முன்பே மக்களிடம் சோதித்துப் பார்க்கும் ஆர்மாக்ஸ் போன்ற நிறுவனங்கள் உண்டு. இடங்கள் குறைவு, பெரும்பாலும் மும்பை. தொடக்கச் சம்பளம் ஐடி கம்பெனியைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் கடன் இல்லாமல் படித்தவளால் அந்த முதல் சில ஆண்டுகளைத் தாங்க முடியும்.

சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றில் புள்ளியியல் இருக்கிறது. அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களோடு முடியும். விடுதிச் செலவே பெரிது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பட்டத்துக்குப் பின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்.ஸ்டாட் (புள்ளியியல் முதுகலை) நுழைவுத் தேர்வை எழுதட்டும். அங்கே கல்விக் கட்டணம் இல்லை, உதவித்தொகையும் தருகிறார்கள். தேர்வு கடினம்; முதலாண்டிலிருந்தே நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் ஊன்ற வேண்டும்.

கல்லூரி திறக்கும் வரை அவளுக்கு ஒரு வேலை. கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் வந்த 100 சீரியல்களின் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, ஸ்லாட், நேர மாற்றம் இவற்றை எழுதட்டும். எல்லாம் வெளியில் கிடைக்கும் தகவல். பிறகு இப்போது ஓடும் 20 சீரியல்களுக்கு, 26 வாரத்துக்குள் முடிய எத்தனை சதவீத வாய்ப்பு என்று தேதி போட்டு எழுத வேண்டும். "முடியும்", "முடியாது" என்று மட்டும் எழுதினால் பலித்தது மட்டுமே நினைவில் நிற்கும். அதனால் ஒவ்வொரு ஊகத்துக்கும் தண்டம் போடட்டும்: முடிந்தால் 1, முடியாவிட்டால் 0 என்று வைத்து, சொன்ன வாய்ப்புக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கமே தண்டம்; குறையக் குறைய நல்லது. 80 சதவீதம் என்று சொல்லி அது முடிந்தால் தண்டம் 0.04, முடியாவிட்டால் 0.64. எல்லாவற்றுக்கும் 50 என்று எழுதுகிறவருக்குச் சராசரி 0.25. இருபதில் ஆறு முடிந்து, எல்லாவற்றுக்கும் கண்ணை மூடி 30 என்று எழுதியிருந்தால் 0.21. அவளுடைய சராசரி அதற்கும் கீழே வந்தால், அவளுக்கு உண்மையிலேயே எதையோ பார்க்கத் தெரிந்திருக்கிறது.

பரணில் இருக்கும் நோட்டை இந்த வியாழக்கிழமைக்குள் எடுத்துக் கொடுங்கள். நடுவில் விட்டுப்போன வாரங்களை அவள் நிரப்ப வேண்டியிருக்கும்.