ஷிப்ட் பதிவேட்டில் இருக்கும் தகுதி

அன்புள்ள ஐயா,

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் 14 ஆண்டுகளாக ஷிப்ட் மேற்பார்வையாளராக இருக்கிறேன். இரவுப் பணி உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததால், புதுச்சேரியில் ஏதேனும் மருத்துவமனையின் தரப் பிரிவில் சேர விரும்புகிறேன். லிங்க்ட்இன் பக்கத்தில் தலைமைப் பண்பு, குழுப்பணி, தகவல் தொடர்புத் திறன் என்று எழுதியிருக்கிறேன். எட்டு மாதமாக ஓர் அழைப்பும் இல்லை.

பின்குறிப்பு: எந்த வால்வு பாதி மூடியிருக்கிறது, எந்தப் பம்பு பழுது என்று பதிவேட்டில் எழுதி, காலை ஷிப்டுக்கு வருபவரை நேரில் அழைத்துச் சென்று காட்டிக் கையெழுத்து வாங்காமல் நான் ஒருநாளும் வீடு திரும்பியதில்லை. இதையெல்லாம் எழுதலாமா?

— வாசகர், கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

எழுதலாமா என்று தயங்கிப் பின்குறிப்பில் ஒதுக்கிவிட்டீர்களே, அதைத்தான் முதலில் எழுத வேண்டும். தலைமைப் பண்பு, குழுப்பணி என்பவற்றை எல்லாரும் எழுதுகிறார்கள். ஆளெடுக்கும் குழுவில் பல ஆண்டுகள் அமர்ந்திருந்த எனக்கு, அந்தச் சொற்களை வைத்து ஒருவரை நினைவில் கொண்டதாக ஞாபகமே இல்லை. உங்கள் பதிவேடு அப்படிப்பட்டதன்று. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஒன்பது நோயாளி பாதுகாப்பு வழிமுறைகளில், ஒருவர் பணி முடித்து அடுத்தவர் பொறுப்பேற்கும்போது நோயாளியின் விவரங்கள் விடுபடாமல் கைமாறுவதும் ஒன்று. வால்வின் இடத்தில் நோயாளி இருக்கிறார் என்பதைத் தவிர, செவிலியர் மாறும் அந்த வேளையின் ஆபத்தும் அதற்கான ஒழுங்கும் நீங்கள் 14 ஆண்டுகளாக அறிந்தவையே.

அபாயகர ரசாயனங்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிகள், அவற்றின் வரம்புக்குள் வரும் ஆலைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவசரகால ஒத்திகை நடத்த வேண்டும் என்கின்றன. நீங்கள் அவற்றில் பங்கேற்றிருந்தால், எத்தனை, உங்கள் பொறுப்பு என்ன, கண்ட குறை எப்படிச் சரிசெய்யப்பட்டது என்று எழுதுங்கள். என்ஏபிஎச் எனும் தேசிய மருத்துவமனைத் தர வாரியத்தின் அங்கீகாரம் பெற முனையும் மருத்துவமனைக்கும் ஒத்திகை உண்டு. விபத்தாகாமல் தப்பிய சம்பவத்தை இரு இடங்களிலும் ‘நியர் மிஸ்’ என்றே சொல்வார்கள்; அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ரியாக்டர், டிசிஎஸ் (ஆலையின் கணினிக் கட்டுப்பாட்டு அமைப்பு) போன்றவை அங்கிருப்பவருக்கு விளங்காது. அவற்றைக் கொண்டு நீங்கள் எதைக் கண்காணித்தீர்கள் என்பதைச் சொன்னால் போதும். ஆலையின் செய்முறை ரகசியங்களும் விபத்து விவரங்களும் பக்கத்தில் வரவே கூடாது.

லிங்க்ட்இனில் தலைப்பு வரிக்கு 220 எழுத்துகள்தான் இடம். அதில் பழைய பதவியோடு நில்லாமல், நாடும் வேலையையும் குறிப்பிடுங்கள். அறிமுகப் பகுதி 2,600 எழுத்துகள் வரை போகலாம் என்றாலும், திறந்தவுடன் கண்ணில் படுவது முதல் சில வரிகளே. பதிவேடு அங்கே இருக்கட்டும்.

தொற்றுக் கட்டுப்பாடு உங்களுக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் ஒரு சொல்லும் எழுதாதீர்கள். நேர்காணலின் முதல் கேள்வியிலேயே அது வெளிப்பட்டு, உண்மையான தகுதியையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். அதைக் கற்கத் தொடங்கிய பின், கற்றுக்கொண்டிருப்பதாகவே எழுதுங்கள்.

இன்னொன்று. லிங்க்ட்இனில் பரிந்துரை கேட்கும் வசதி இருக்கிறது. மேலதிகாரியிடம் கேட்பதற்கு முன், காலையில் வந்து உங்கள் பதிவேட்டில் கையெழுத்திட்டவரிடம் கேளுங்கள்.