என் மகன் மைன்கிராஃப்ட் விளையாட்டில் எதையோ தொலைத்துவிட்டு அழுகிறான், இல்லாத பொருளுக்கு எதற்கு இந்த அழுகை?

"இல்லாத பொருள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். அவனைத் திட்டிவிட்டு, அப்புறம் மனசு கேட்காமல் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

2020 ஊரடங்கில் நாங்கள் ஐந்து பேர் ஒரே உலகத்தில் ஆடினோம். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. அதில் சங்கரன்கோவில் பக்கத்துத் தம்பி ஒருவன், பத்தாவது படித்தான். சண்டைக்கு வரவே மாட்டான், கரும்பு போட்டுக்கொண்டே இருப்பான். கரும்பிலிருந்து காகிதம், காகிதத்தோடு வெடிமருந்து சேர்த்தால் ராக்கெட். எலிட்ரா என்கிற இறக்கையை மாட்டிக்கொண்டு தூரம் பறக்க அந்த ராக்கெட் வேண்டும். இறக்கை லேசில் கிடைக்காது. டிராகனைக் கொன்ற பிறகு, எண்ட் என்கிற தீவுக்கூட்ட உலகத்தில் நகரங்களைத் தேடி அலைய வேண்டும், கப்பல் நிற்கிற நகரத்தில்தான் இருக்கும், அதுவும் கப்பலுக்கு ஒன்று. முதல் இறக்கை யாருக்கு என்று பேச்சு வந்தபோது, டிராகனை அடித்த நாலு பேரும் "தம்பிக்குத்தான்" என்றோம். அதன் பிறகு யாருக்கு எது தீர்ந்தாலும் பறந்து வந்து போட்டுவிட்டுப் போவான். வாயே திறக்காத பையன், "பெட்டியில் எடுத்ததை ஏன்ணா திருப்பி வைக்கல?" என்று என்னையே அதட்ட ஆரம்பித்தான்.

இறக்கை 7 நிமிடம் சொச்சம் பறந்தால் தேய்ந்துவிடும். ஒருநாள் கவனிக்காமல், தீவுக்கும் தீவுக்கும் நடுவே தேய்ந்துபோய், கீழே வெற்றிடத்தில் விழுந்துவிட்டான். அங்கே விழுந்தால் கையில் இருந்த எதுவும் மிஞ்சாது. மூன்று நாள் ஆளைக் காணோம். (டேட்டாவும் தீர்ந்திருந்ததாம். 28 நாளை மாதம் என்று கணக்குக் காட்டி வருடத்துக்கு 13 ரீசார்ஜ் வாங்குகிறார்கள், கூலி வேலைக்குப் போகிற வீட்டில் அந்தப் பதின்மூன்றாவது எவ்வளவு கனம் என்று யாருக்குத் தெரியும்?)

இரவு இரண்டு மணி வரை அலைந்து இன்னொரு கப்பலைப் பிடித்தேன். கிடைத்த இறக்கையை அன்வில் என்கிற பட்டறைக்கல்லில் வைத்து, அவன் பேரைப் போட்டு, அவன் பெட்டியில் வைத்தேன். எவர்சில்வர் தூக்கில் பேர் வெட்டிக் கொடுப்பார்களே, அப்படி. பாட்டி பேர் வெட்டிய தூக்கை என் அம்மா இன்னும் யாருக்கும் இரவல் தரமாட்டார். அதைத் தகரம் என்று யாராவது சொல்வோமா?

விளையாட்டுக்குள் காசு கொட்டிச் சட்டை, தொப்பி வாங்குவதை ஆதரிக்கிறேன் என்று கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம். விளையாட்டை வாங்கியதோடு சரி, உள்ளே நாங்கள் ஒரு ரூபாய் செலவழித்ததில்லை.

உங்கள் மகன் தொலைத்தது என்ன, அதை அவனுக்கு யார் கொடுத்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். இறக்கைதான் என்றால், அடுத்ததில் மறக்காமல், தேய்ந்ததைச் சரிசெய்கிற மென்டிங் மந்திரத்தைப் போடச் சொல்லுங்கள்.