பேரைத் தேடாதீங்க, தோட்டத்தைத் தேடுங்க: பூர்வீகம் தேடுறவங்களுக்கு கேள்வி-பதில்

இந்த தடவ வந்த கேள்விங்க எல்லாமே கிட்டத்தட்ட ஒரே தவிப்புதான், இந்தியாவுல இருந்து மலாயா தோட்டத்துக்கு வேலைக்கு வந்த தாத்தா பேரு எந்த ரெக்கார்ட்லயும் கிடைக்க மாட்டேங்குதுன்னு. பினாங்குல இருந்துகிட்டு எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: அக்கா, எங்க தாத்தா பேரு முனியாண்டி, ஐசில (அடையாள அட்டை) மோனியாண்டினு இருக்கு. கேஎல் ஆர்க்கிப் நெகாரா (தேசிய ஆவணக் காப்பகம்) வரைக்கும் போய் தேடிட்டேன், ஒண்ணுமே வரல. (சுங்கை பட்டாணி)

தம்பி, தாத்தா இந்தியாவுல பொறந்தவருன்னா இங்க அவருக்கு சூராட் பெரானா (பிறப்புச் சான்றிதழ்) இருக்காது, அதனால அவரோட பேப்பர விட்டுட்டு அவர் பிள்ளைங்க பேப்பரத் தேடுங்க. இங்க பொறந்த மூத்த பிள்ளையோட பிறப்பு பதிவுக்கு ஜேபிஎன்ல (தேசிய பதிவு இலாகா) எக்ஸ்ட்ராக்ட், அதாவது பதிவோட நகல், கேட்டு பாருங்க, அப்பா பேரு, அப்ப என்ன வேல பாத்தாரு, எந்த எஸ்டேட்டுனு தெரிய வாய்ப்பு இருக்கு. அந்த எஸ்டேட்டு பேருதான் உங்களுக்கு சாவி. ஆர்க்கிப்ல இருக்கிற சிலாங்கூர் செக்ரட்டேரியட் ஃபைல் மாதிரி பழைய ஃபைலெல்லாம் ஆபீஸ் விவகாரத்த வெச்சு தலைப்பு போட்டது, பால் மரம் சீவுனவர் பேருல ஃபைல் இருக்கறது ரொம்ப அபூர்வம். தோட்டத்து பேரப் போட்டு தேடுனா லேபர் ஆபீஸ் ரிப்போர்ட்டு, ஆஸ்பத்திரி, கள்ளுக்கடை, ஸ்ட்ரைக்கு விஷயம்னு ஏதாவது வரும், உள்ள பக்கம் பக்கமா புரட்டுனாதான் ஆளுங்க பேரு கண்ணுல படும்.

இன்னொண்ணு, கிராணி (தோட்டத்து கணக்குப்பிள்ளை) காதுல எப்படி விழுந்துச்சோ அப்படித்தான் எழுதுனாரு. முனியாண்டி, மோனியாண்டி, முனியண்டி எல்லாம் ஒரே ஆளா இருக்கலாம், ஒரே வீட்டுல அண்ணனுக்கு ஒரு ஸ்பெல்லிங் தம்பிக்கு ஒரு ஸ்பெல்லிங் இருக்கும். ஐசில இருக்கிற பொறந்த வருஷத்தையும் அப்படியே நம்பாதீங்க. 1948ல எமர்ஜென்சி வந்தப்பதான் ஐசி கொடுக்க ஆரம்பிச்சாங்க, பல பேருக்கு பொறந்த தேதியே தெரியாது, ஆள பாத்து குத்துமதிப்பா போட்டதுதான். அஞ்சு வருஷம் முன்ன பின்ன வெச்சுத் தேடுங்க.

கேள்வி: பூட்டன் எந்த கப்பல்ல எந்த வருஷம் வந்தாருனு கண்டுபிடிக்க முடியுமா? (பட்டர்வொர்த்)

பேர் போட்ட பயணி லிஸ்ட்டுக்காக காத்திருக்காதீங்க, வீட்டுல பெரியவங்க சொன்ன பேச்சையே கவனமா கேளுங்க, அதுலயே வருஷம் ஒளிஞ்சிருக்கும். சஞ்சிக்கூலியா (ஒப்பந்தக் கூலி) வந்தாருன்னு சொன்னா 1910க்கு முன்னாடி, ஏன்னா அந்த வருஷத்தோட புது ஒப்பந்தத்துக்கு ஆள் எடுக்கிறத நிறுத்திட்டாங்க. கங்காணி ஊருக்கு வந்து கூட்டிட்டு வந்தாருன்னா பெரும்பாலும் 1938க்கு முன்னாடி, அந்த வருஷம் இந்திய சர்க்காரே தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புறதுக்கு தடை போட்டுச்சு. ரஜுலா கப்பல்னு பேரு சொன்னா 1926க்கு அப்புறம்தான், அதுக்கு முன்னாடி அந்த கப்பலே கிடையாது. 1942ல இருந்து 1945 வரைக்கும் ஜப்பான்காரன் ஆட்சி, அப்ப ஊர்ல இருந்து கப்பல் ஓடல. ஜெரெஜாக் தீவுல தங்க வெச்சாங்கன்னு சொன்னா பினாங்குல எறங்குனவருன்னு எடுத்துக்கலாம், அங்கதான் குவாரன்டின் கேம்ப். இத்தனையும் சேத்து பாத்தா பத்து வருஷத்துக்குள்ள சுருக்கிடலாம், அது பெரிய விஷயம்.

கேள்வி: எங்க எஸ்டேட்டே இப்ப இல்ல, தாமான் (குடியிருப்பு பகுதி) ஆயிடுச்சு. இனி யார கேக்குறது? (கிள்ளான்)

தமிழ்ப்பள்ளிய கேளுங்க. தோட்டம் போனாலும் நிறைய ஸ்கூல் வேற எடத்துக்கு மாறி இன்னமும் லாடாங் (தோட்டம்) பேரோடவே ஓடுது. பழைய அட்மிஷன் ரெஜிஸ்டர் பத்திரமா இருந்தா பிள்ள பேரு, அப்பா பேரு, சேந்த தேதி கிடைக்கும். ஹெட்மாஸ்டர்ட்ட லெட்டர் எழுதி மரியாதையா கேளுங்க, ஃபோன்ல அவசரப்படுத்தாதீங்க. கோயில் மாறியிருந்தா உபயக்காரங்க பேர் பலகையும் கூடவே போயிருக்கும், அதையும் ஃபோட்டோ எடுத்துடுங்க. கத்தோலிக்க குடும்பம்னா கோயில்ல ஞானஸ்நான ரெஜிஸ்டர் கேளுங்க, அதுல ஞானப்பெற்றோர் பேரும் இருக்கும், அவங்க அனேகமா சொந்தக்காரங்கதான்.

கேள்வி: பாட்டியோட அண்ணன ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில் ரோட்டுக்கு கொண்டு போனாங்க, திரும்பவே இல்ல. தாய்லாந்துல காஞ்சனாபுரி கல்லறைக்கு போனா பேரு இருக்குமா? (ஈப்போ)

இருக்காது தங்கச்சி, இத சொல்லவே எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. அங்க பேர் வெட்டியிருக்கிற கல்லறைங்க எல்லாம் நேச நாட்டு சிப்பாய்ங்களோடது. 1942, 43ல அந்த 415 கிலோமீட்டர் பாதை போட்டப்போ நம்ம தோட்டத்து தமிழங்க எத்தனையோ ஆயிரம் பேரு செத்தாங்க, அவங்களுக்கு பேர் போட்ட கல்லு கிடையாது. அதனால நீங்கதான் எழுதணும். பாட்டி இருக்கும்போதே உக்காந்து ரெக்கார்ட் பண்ணுங்க, எந்த தோட்டத்துல இருந்து, கூட யாரு போனா, திரும்பி வந்தவங்க யாரு, அவங்க என்ன சொன்னாங்கன்னு. அவருக்கு பிள்ளைங்க இருந்தா கடைசி பிள்ளை பொறந்த தேதியப் பாருங்க, அவர் எப்ப வரைக்கும் வீட்டுல இருந்தாருனு தெரியும். போருக்கு முந்தின செய்திக்கு தமிழ் முரசு பழைய இதழ்கள் சிங்கப்பூர் தேசிய நூலகத்தோட நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்துல இருக்கு, தோட்டத்து பேரப் போட்டு பாருங்க.

கேள்வி: பேப்பர்ல தஞ்சாவூர் ஜில்லானு மட்டும் இருக்கு, ஊர் பேரு அழிஞ்சு போச்சு. (செபராங் ஜெயா)

பழைய தஞ்சாவூர் ஜில்லா இப்ப பல மாவட்டமா பிரிஞ்சிடுச்சு, நாகப்பட்டினம் 1991ல பிரிஞ்சது, அதே மாதிரி சேலம்னு போட்டிருந்தா 1997ல பிரிஞ்ச நாமக்கல்லாவும் இருக்கலாம். தாலுகா பேரு கொஞ்சமாவது தெரியுதானு டார்ச் அடிச்சு சாய்வா பாருங்க. அப்புறம் பாட்டி வீட்டு பித்தளை குடத்த எறக்குங்க, கழுத்துக்கு கீழ புள்ளி புள்ளியா பேர் வெட்டியிருப்பாங்க, சீர் குடுத்தவர் பேரும் சில சமயம் ஊரும் தேதியும் இருக்கும், புளி போட்டு தேய்ச்சா தெளிவா தெரியும். கல்யாண மொய் நோட்டு கிடைச்சா இன்னும் நல்லது, அதுல ஊர் வாரியா எழுதியிருப்பாங்க, எந்த ஊர் பேரு அதிகமா வருதோ அங்க இருந்து ஆரம்பிங்க. நோட்டுல இருக்கிற அந்த ஊர் பேரையும் கூட வர்ற ஆளுங்க பேரையும் எனக்கு அனுப்பி வைங்க, அடுத்த தடவ சேந்து பாக்கலாம்.