அப்பா வழியில் வந்த வழுக்கைக்குத் தலையில் தடவும் மினொக்சிடில் மருந்தின் மாதச் செலவு தாங்கவில்லை. பாரிசிட்டினிப் போன்ற புது மருந்து வரும்வரை அதை நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம், பிராண்டை மாற்றுங்கள். விட்டால், அது காப்பாற்றி வைத்திருக்கும் முடி மூன்று நான்கு மாதத்தில் உதிரத் தொடங்கும்.

மாதச் செலவு தாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக இறக்குமதிப் பெயருக்குத்தான் அந்தக் காசு போகிறது. கொழும்பு வெள்ளவத்தைப் பாமசிகளில் பிராண்டைச் சொல்லாமல் "மினொக்சிடில் 5 வீதம், ஜெனரிக்" (அதே மருந்து, பிராண்ட் பெயர் இல்லாதது) என்று கேளுங்கள். அரச மருந்துக்கடையான ஒசுசலவிலும் விசாரியுங்கள். போத்தலின் அளவையும் பாருங்கள்: தடவைக்கு 1 மி.லீ., நாளுக்கு இரு தடவை என்றால் 60 மி.லீ. 30 நாளைக்கு வரும். விலையை அந்தக் கணக்கில் ஒப்பிடுங்கள்.

புது மருந்து வந்தாலும் காப்புரிமை இருக்கும்வரை பெரும்பாலும் மலிவாகக் கிடைக்காது. நீங்கள் குறிப்பிட்ட பாரிசிட்டினிப், 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது திட்டுத்திட்டாக முடி கொட்டும் புழுவெட்டுக்கு. அப்பா வழியில் வந்த வழுக்கை என்கிறீர்களே, அதற்கு அல்ல.

வழுக்கைக்கு விழுங்கும் ஃபினாஸ்டரைட் குளிசை மலிவென்று யாரும் சொன்னால் நீங்களாகத் தொடங்காதீர்கள்; பாலியல் பக்கவிளைவுகள் சிலருக்கு வரும். முதலில் தேசிய வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் காட்டுங்கள், அங்கே காசில்லை. வீட்டில் கர்ப்பிணி இருந்தால், உடைத்த ஃபினாஸ்டரைட் குளிசையை அவர் தொடவே கூடாது.