வாடகை பாதி, பயணம் மூன்றரை மணி நேரம்: லாபமா?

கேள்வி: அரசு வேலை கிடைத்து, தலைநகரில் போஸ்டிங் போட்டிருக்கிறார்கள். அலுவலகத்துக்கு அரை மணி நேரத் தூரத்தில் வீடு எடுத்தால் சம்பளத்தில் நூற்றுக்கு 40 வாடகைக்கே போய்விடும். ரயில் பாதையில் தள்ளி இருக்கும் ஊரில் அதே அளவு வீடு 20க்குக் கிடைக்கிறது. ஆனால் அங்கிருந்து அலுவலகம் சேர ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகும். மனைவியும் வேலைக்குப் போகிறார், மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. தள்ளி இருக்கும் ஊரில் குடியேறி, மிச்சமாவதைச் சேர்த்து அங்கேயே வீடு வாங்கலாமா?

பதில்: வேலை கிடைத்ததற்கு வாழ்த்துகள். வீடு வாங்கும் யோசனையை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். தகுதிகாண் காலம் முடியவில்லை, அடுத்த டிரான்ஸ்ஃபர் எங்கே என்று உங்களுக்கே தெரியாது. வீட்டுக்கடன் உங்களோடு வரும், வீடு வராது.

இனி வாடகைக்கு வருவோம். தள்ளிப் போகப் போக வாடகை குறைவது தற்செயல் இல்லை. நகரப் பொருளாதாரத்தில் வில்லியம் அலோன்சோ 1964லேயே இதை விளக்கியிருக்கிறார்: போய்வரும் செலவும் சிரமமும் கூடும் அளவுக்கு நிலத்தின் விலை இறங்கும். அதாவது, உங்கள் பயணத்தின் விலை அந்த மலிவு வாடகைக்குள்ளேயே கழிக்கப்பட்டிருக்கிறது. மற்றவர்களைவிட உங்கள் பயணம் சுலபமாக இருந்தால்தான் உங்களுக்கு உண்மையில் லாபம். ரயிலை விட்டு இறங்கினால் எதிரிலேயே அலுவலகம், உட்கார இடம் கிடைக்கும் நேரம், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை, இப்படி ஏதாவது ஒன்று உங்களுக்கு அமைய வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சம்பளம் 100 என்றால் வாடகையில் மிச்சம் 20. சீசன் டிக்கெட், ஸ்டேஷனில் வண்டி நிறுத்தக் கட்டணம், இறங்கிய இடத்திலிருந்து அலுவலகம் வரை பஸ் அல்லது ஆட்டோ எல்லாம் சேர்ந்து 8 கூடுதலாகப் போகிறது என்று வையுங்கள். கையில் நிற்பது 12. நேரம்? பக்கத்தில் இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், தள்ளி இருந்தால் மூன்றரை. வித்தியாசம் இரண்டரை மணி நேரம். மாதம் 22 நாளுக்கு 55 மணி நேரம், கிட்டத்தட்ட ஏழு வேலை நாள்!

தினம் எட்டு மணி நேர வேலைக்கு உங்கள் ஒரு மணி நேரச் சம்பளம் 0.57. போக்குவரத்துத் திட்டங்களில் பயண நேரத்தின் மதிப்பைச் சுமார் பாதிச் சம்பளமாகக் கணக்கிடுவது பரவலான வழக்கம். அந்தக் கணக்கில் 55 மணி நேரத்தின் மதிப்பு 15க்கு மேல். நீங்கள் அதை 12க்குக் கொடுக்கிறீர்கள். இதே கூடுதல் நேரம் தினம் ஒன்றரை மணியாக இருந்திருந்தால், போய் வாருங்கள் என்றே சொல்லியிருப்பேன்.

இந்தக் கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஓர் அரசு ஊழியர் தன் செலவு நோட்டைக் காட்டினார். ஒரே மாதத்தில் ஆறு இடங்களில் "டாக்ஸி" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். மாலை மீட்டிங் பத்து நிமிடம் நீண்டால் ரயில் போய்விடும், அடுத்தது ஐம்பது நிமிடம் கழித்து, குழந்தைகள் காப்பகமோ ஏழு மணிக்கு மூடிவிடும். வாடகை மிச்சத்தில் பாதி அந்த ஆறு டாக்ஸியிலேயே கரைந்திருந்தது. உங்கள் வீட்டிலும் சின்னக் குழந்தை இருப்பதால் சொல்கிறேன், மாலையில் யார் போய் அழைத்து வருவது என்று மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள். அதற்காக அவர் வேலையைக் குறைக்க வேண்டி வந்தால், அந்த 12 அன்றே போயிற்று.

ஜெர்மனியின் குடும்பக் கணக்கெடுப்புத் தரவுகளை வைத்து ஃப்ரை, ஸ்டட்சர் என்ற பொருளாதார அறிஞர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. நீண்ட தூரம் போய்வருபவர்களின் வாழ்க்கைத் திருப்தி குறைவாக இருக்கிறது. சம்பளமோ வீட்டு வசதியோ அதை ஈடுகட்டவில்லை.

படி விஷயத்தையும் விசாரித்துவிடுங்கள். இந்தியாவில் மத்திய அரசின் வீட்டு வாடகைப்படியும், அமெரிக்க மத்திய அரசின் வட்டார ஊதியமும் பணியிடத்தைப் பொறுத்தவை, குடியிருக்கும் இடத்தைப் பொறுத்தவை அல்ல. உங்கள் துறையில் எப்படி என்று கணக்குப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசுக் குடியிருப்புக்கு இன்றே விண்ணப்பித்துவிடுங்கள், வரிசை நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

என் யோசனை இதுதான். நகரத்துக்குள் 40 கொடுக்காமல், முக்கால் மணி நேரத் தூரத்தில் சின்ன வீடாக 28, 30க்குத் தேடுங்கள். ஒரு அறை குறைந்தாலும் சமாளிக்கலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், வேலை நாள் காலையில் அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, அலுவலக நாற்காலியில் உட்காரும் வரை நேரம் பாருங்கள். மாலையிலும் அதேபோல் திரும்பிப் பாருங்கள். மூன்று நாளாவது செய்யுங்கள், அதில் ஒன்று திங்கட்கிழமையாக இருக்கட்டும்.