வேலூர் மாதிரி ஊரில் போர்டு கேம் ஆட ஆள் கிடைப்பார்களா?

கேள்வி: "வேலூரில் இருக்கிறேன், வயது 35. கேட்டான் (Catan), கார்கசோன் (Carcassonne) போன்ற புதிய போர்டு கேம்களைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்து ஆசை வந்திருக்கிறது. ஆனால் இங்கே யாரோடு ஆடுவது? வளர்ந்த ஆள் செய்கிற வேலையா இது என்று வீட்டில் கேட்கிறார்கள். எதை வாங்கித் தொடங்கலாம்?"

தொடங்கலாம், ஆளும் கிடைப்பார்கள். ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் ஒருவர் இதெல்லாம் பெங்களூரில்தான் நடக்கும் என்கிறார். இன்னொருவர் தாயமும் பல்லாங்குழியும் இருக்க வெள்ளைக்காரன் ஆட்டம் எதற்கு என்கிறார். இரண்டையும் படித்து எரிச்சல் வந்ததால்தான் எழுத உட்கார்ந்தேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர், சத்துவாச்சாரி அல்லது காட்பாடிப் பக்கம் குடியிருப்பவர், கூடப் படித்தவர்கள் எல்லாம் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றாலும் குற்றமில்லை, சொல்லப்போவது பொருந்தும்.

நான் காந்தி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் லாட்ஜ் மேனேஜர். முதலாளி இல்லை, மேனேஜர். எங்கள் வாடிக்கையாளர்கள் யார் என்று வேலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்காக மேற்கு வங்கம், அசாம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று எங்கிருந்தோ ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்குபவர்கள். இரண்டு நாளில் முடியும் என்று வந்திருப்பார்கள். ரிப்போர்ட் வரவேண்டும், அடுத்த அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவேண்டும் என்று வாரக்கணக்கில் தங்கிவிடுவார்கள். நோயாளி அறையில் படுத்திருப்பார். கூட வந்தவர் வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து வாசலில் போகிற ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அறை எடுப்பவர்களிடம் என்ன நோய் என்று நாங்களாகக் கேட்பதில்லை. அது இந்தத் தொழிலின் பழக்கம். அதனால் பேசவும் விஷயம் இருக்காது.

அப்படி அப்பாவோடு வந்து தங்கிய கல்கத்தாப் பையன் ஒருவன்தான் ஒரு மாலையில் சின்ன நீலப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். கார்கசோன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது, என் இந்தி 'பானி நஹி ஆயேகா' அளவில் நிற்கிறது. அவன் எதையும் விளக்கவில்லை. கெட்டியான அட்டைச் சதுரம் ஒன்றை நடுவில் வைத்தான். இன்னொன்றை என் கையில் கொடுத்தான். சாலைக்குச் சாலை, கோட்டைக்குக் கோட்டை, வயலுக்கு வயல் என்று விளிம்பு பொருந்தும்படி ஒட்டி வைக்க வேண்டும். பொருந்தாத இடத்தில் வைத்தால் தலையை ஆட்டினான். மொத்தம் 72 சதுரங்கள். எதிலும் ஒரு எழுத்துகூடக் கிடையாது. அதனால்தான் எங்கள் இருவருக்கும் அது ஒத்துவந்தது.

சதுரத்தை வைத்ததும் அதன்மேல் நம் மர ஆளை நிறுத்தலாம். அந்தக் குட்டி ஆளுக்கு மீப்பிள் என்று பெயர். சாலையில் நின்றால் வழிப்பறிக்காரன், கோட்டைக்குள் நின்றால் வீரன், மடத்தில் நின்றால் துறவி. நின்ற சாலையோ கோட்டையோ மடமோ முழுமையானால் ஆள் கைக்குத் திரும்புவான், முடியும்வரை மாட்டிக்கொண்டிருப்பான். ஆளுக்கு ஏழு பேர்தான் கையில் என்பதால் யாரை எங்கே நிறுத்துவது என்பதில்தான் சூட்சுமம். நான் கோட்டை ஊர்க்காரன் என்ற மிதப்பில் பெரிய கோட்டையாகக் கட்டிக்கொண்டே போனேன். கார்கசோனும் பிரான்சின் தெற்கே நிஜமாகவே இருக்கிற கோட்டை ஊர்தான், இரட்டை மதில் உள்ளது. அகழியில் நம் கோட்டையை அடிக்க முடியாது என்பது வேறு விஷயம்.

எங்கள் ரூம் பாய் குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்துப் பையன். சில நாள் வேடிக்கை பார்த்துவிட்டு அவனும் மஞ்சள் நிற ஆட்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஒரு மீப்பிளை வயலில் படுக்கவைத்தான். படுக்கவைத்தால் அவன் விவசாயி; ஆட்டம் முடியும்வரை எழுந்திருக்க முடியாது. ஒரு ஆளை வீணாக்குகிறானே என்று நான் நினைத்தேன். கடைசிச் சதுரம் வைத்துக் கணக்குப் பார்த்தபோது அந்த வயலைத் தொட்டுக்கொண்டு ஆறு கோட்டைகள் மதில் மூடி முழுமையாகியிருந்தன, அதில் இரண்டு நான் கட்டியவை. கோட்டைக்கு மூன்று வீதம் 18 புள்ளி. நானும் கல்கத்தாப் பையனும் கோட்டைக்குக் கோட்டை சண்டை போட்டுக்கொண்டிருக்க, வயலில் படுத்தவன் ஜெயித்துவிட்டான். "நிலம் வைத்திருப்பவன் அவசரப்படக் கூடாது அண்ணா" என்று வேறு சொன்னான். வீட்டில் அவர்களுக்கு இருப்பது அரைக்காணிகூட இல்லை.

அந்தக் கல்கத்தாப் பையன் ஊருக்குப் போகும்போது பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான், அவனுடையதுதானே. நான் ஆன்லைனில் சொந்தமாக ஒன்று வரவழைத்தேன். மூலை நசுங்கி வந்தது. இப்போது வரவேற்பறையில் அதுதான் கிடக்கிறது. யாரையும் நான் கூப்பிடுவதில்லை. மேசையில் நான்கைந்து சதுரங்களைப் பரப்பிவைத்துவிட்டு என் லெட்ஜரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காத்திருக்கிற மனிதன் தானாக வந்து கையில் எடுத்துப் பார்ப்பான். உங்களுக்குச் சொல்வதும் இதுதான்: "போர்டு கேமில் ஆர்வமுள்ளவர்" என்று தேடினால் வேலூரில் ஆள் கிடைக்கமாட்டார். நேரம் போகாமல் உட்கார்ந்திருப்பவரைத் தேடுங்கள். மாடி வீட்டு ரிடையர்ட் வாத்தியார், பரீட்சை முடிந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், உங்கள் மாமனார். ஆட்டக்காரர் தயாராகக் கிடைக்கமாட்டார், நாம்தான் ஆக்கிக்கொள்ள வேண்டும்.

லாட்ஜில் நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்குத் தெரியாதா? சொன்னார்கள். பக்கத்து லாட்ஜ்காரர் ஒருவர் எங்களிடம் சூதாட்டம் நடக்கிறது என்று முதலாளி காதில் போட்டுவிட்டார். முதலாளி வந்து பெட்டியைத் தலைகீழாகக் கொட்டிக் காசு இருக்கிறதா என்று பார்த்தார். மர ஆட்கள் உருண்டன. அதற்குப் பிறகு நான் "பணம் வைத்து ஆடக்கூடாது" என்று எழுதிச் சுவரில் மாட்டினேன். அதைப் பார்த்தால்தான் இங்கே சூதாட்டம் நடக்கிறது என்றே தோன்றுகிறது என்கிறாள் என் மனைவி. இருக்கட்டும், இன்னும் தொங்குகிறது. வீட்டுக்கு வீடு செல்போனில் ரம்மி ஆடிப் பணத்தைத் தொலைத்தவர்களை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. வெளிச்சத்தில் உட்கார்ந்து அட்டை அடுக்குகிறவன்தான் சூதாடி.

லாட்ஜ் என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். மே மாதம் வந்து தங்கிவிட்டுச் சுடுதண்ணீர் வரவில்லை என்று இணையத்தில் ஒரு நட்சத்திரம் போடுகிறவர்களே, அக்னி நட்சத்திரத்தில் எங்கள் மொட்டைமாடி டேங்க்கில் இருந்து குழாய் வழியாக வருவது என்ன பனிக்கட்டியா? பச்சைத்தண்ணீர் வேண்டும் என்று கேட்டால்தான் எங்களால் கொடுக்க முடியாது. சரி, விடுங்கள்.

வெயிலைச் சொன்னதால் ஒரு உபயோகமான தகவல். கார்டு நிறைய உள்ள ஆட்டங்கள் வேலூருக்குத் தோதாக இல்லை. ஃபேன் போட்டால் கார்டு பறக்கிறது, நிறுத்தினால் வியர்வை சொட்டுகிறது. கெட்டி அட்டை அசையாது. கரண்ட் போய் எமர்ஜென்சி விளக்கில் ஆடினால் நீல ஆளையும் கருப்பு ஆளையும் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டில் ஒன்றைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

இப்போது வெள்ளைக்காரன் ஆட்டம் என்றவருக்கு. ஐயா, நான் என் பாட்டியிடம் பல்லாங்குழி கற்றவன். ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிக்கும் 15 ஆட்டுக்கும் நடக்கிற போரைப்போல இருவர் ஆடும் ஆட்டம் இந்தப் புதிய பெட்டிகளிலேயே குறைவுதான் என்று நானே சொல்வேன். பரமபதம் இங்கிருந்து போய்த்தான் அங்கே பாம்பும் ஏணியும் ஆனது. நம் நாட்டுப் பழைய ஆட்டமான பச்சீசியை எடுத்து 1896இல் இங்கிலாந்தில் லூடோ என்று காப்புரிமை வாங்கினார்கள். ஆட்டங்கள் கடல் தாண்டிப் போவதும் வருவதும் புதிதில்லை. நாம் சின்ன வயதில் ஆடிய 'பிசினஸ்' மட்டும் எங்கே பிறந்தது? அதன் மூலமான மோனோபொலிக்கு முன்னோடி, நிலச்சுவான்தார்களின் கொள்ளையைப் புரியவைக்க எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி செய்து 1904இல் காப்புரிமை பெற்றது. அந்த பிசினஸில் பாதியிலேயே ஒருவன் திவாலாகி, மற்றவர்கள் ஆடுவதை ஒரு மணி நேரம் வேடிக்கை பார்ப்பான். புதிய ஆட்டங்கள் பலவற்றில் அது இல்லை. கடைசிவரை எல்லோரும் ஆட்டத்தில் இருப்பார்கள், ஒரு மணி நேரம் போல் முடிந்துவிடும், பகடை இருந்தாலும் அதை வைத்து என்ன செய்வது என்பது நம் கையில் இருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான். தாயம் விழாமலேயே உட்கார்ந்திருந்த சாயங்காலங்கள் எனக்கு மறக்கவில்லை.

சின்னப்பிள்ளைத்தனம் என்று சொல்லும் உங்கள் வீட்டாருக்கு: ஜெர்மனியில் 1979 முதல் ஆண்டுதோறும் சிறந்த ஆட்டத்துக்கு விருது கொடுக்கிறார்கள். கேட்டான் 1995இலும் கார்கசோன் 2001இலும் டிக்கெட் டு ரைடு என்ற ரயில் ஆட்டம் 2004இலும் வாங்கியவை. கேட்டானை உருவாக்கிய கிளாஸ் டாய்பர் செயற்கைப் பல் செய்யும் தொழிலில் இருந்த குடும்பஸ்தர். வேலை முடிந்த நேரத்தில் யோசித்து யோசித்துச் செய்தார்.

அந்தக் கேட்டானை என் மைத்துனரோடு ஆடியது தனிக்கதை. லாங் பஜாரில் மொத்த மளிகை வியாபாரம். முதலில் "எனக்குக் கடையில் வேலை இருக்கிறது" என்றார். மரம், செங்கல், ஆடு, கோதுமை, தாது என்று ஐந்து சரக்கு, விளையும் இடத்துக்கு ஒவ்வொரு எண், பகடையில் அந்த எண் விழுந்தால் சரக்கு கைக்கு வரும் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆறும் எட்டும் அதிகம் விழும், இரண்டும் பன்னிரண்டும் அபூர்வம் என்று நான் விளக்குவதற்குள் எண்ணுக்குக் கீழே இருக்கிற புள்ளிகளைப் பார்த்துத் தானே புரிந்துகொண்டார். சாலை போட என் மனைவிக்கு ஒரே ஒரு செங்கல் தேவைப்பட்டது. அவரிடம் மூன்று இருந்தது. கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "செங்கலா, சரக்கு டைட்டாக இருக்கிறது அம்மா" என்றார், சொந்தத் தங்கையிடம்! கடைசியில் இரண்டு கோதுமையும் ஒரு ஆடும் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். பத்துப் புள்ளி முதலில் எடுத்து ஜெயித்தவரும் அவர்தான். இப்போது ஞாயிறு மதியம் கடை மூடியதும் அவரே போன் செய்கிறார். வளர்ந்த ஆள் ஆடமாட்டான் என்று யார் சொன்னது?

ஒரு ஆட்டத்தை மட்டும் நான் லாட்ஜுக்குக் கொண்டுபோவதில்லை. பேண்டமிக். மேட் லீகாக் என்பவர் செய்து 2008இல் வெளிவந்தது. உலக வரைபடத்தில் நான்கு நோய்கள் நிறக் கட்டைகளாகப் பரவும். ஆடுபவர்கள் எல்லோரும் ஒரே அணி, ஒன்றாக ஜெயிக்க வேண்டும் அல்லது ஒன்றாகத் தோற்க வேண்டும். சென்னையும் அதில் இருக்கிறது. வீட்டில் நாங்கள் எந்த ஊரை விட்டாலும் சென்னையை விடுவதில்லை, அதனாலேயே தோற்றிருக்கிறோம். அருமையான ஆட்டம், கணவன் மனைவிக்கு மிகவும் பொருத்தம், தோற்றால் சண்டை வராது. ஆனால் மேல்மாடியில் ஒருவர் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும்போது கீழே உட்கார்ந்து "நோய் பரவிவிட்டது" என்று கத்த எனக்கு மனம் வரவில்லை. சிலர் அதெல்லாம் ஒன்றுமில்லை என்பார்கள். என் லாட்ஜ், என் முடிவு.

எதை வாங்குவது? உங்கள் நிலைமைக்குக் கார்கசோன். இரண்டு பேர் போதும், ஐந்து பேர்வரை ஆடலாம். கேட்டானுக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும், அது பிறகு. விதிப்புத்தகத்தை வாசித்துக்காட்டாதீர்கள், இரண்டாவது பக்கத்தில் மாமனார் எழுந்து போய்விடுவார். எப்படி ஜெயிப்பது என்பதை முதலில் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கிவிடுங்கள், மற்றதை வரும்போது சொல்லிக்கொள்ளலாம். விவசாயியை முதல் ஆட்டத்தில் சேர்க்க வேண்டாம். பெட்டியில் போட்டிருக்கும் நேரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

விலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஒரு பெட்டிக் காசில் குடும்பத்தோடு ஆம்பூர் போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வரலாம். வேலூர்க் கடைகளில் நான் கேட்டவரை கேரமும் செஸ்ஸும் பிசினஸும்தான் இருக்கின்றன, எனவே ஆன்லைன்தான் வழி. பாதி விலைக்கு வருவதை வாங்காதீர்கள், போலிகள் நிறைய உலவுகின்றன. வந்ததும் சதுரங்களை எல்லாம் கவிழ்த்துப் பரப்பிப் பாருங்கள். தொடக்கச் சதுரத்துக்கு மட்டும் முதுகு வேறு நிறத்தில் இருக்கும், அது சரி. மற்றவற்றிலும் நிறம் கூடக்குறைய இருந்தால் எந்தச் சதுரம் வருகிறது என்று முதுகை வைத்தே கண்டுபிடித்துவிடலாம், ஆட்டம் கெட்டது. அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.